நீலகிரிக்குள் மாவோயிஸ்டுகள் வர ஆதிவாசிகள் கொடுத்த இடம்தானே காரணம்?

இல்லை. நீங்கள் ஊட்டியை மட்டும் பார்த்தவர் என்று நினைக்கிறேன். கூடலூர், பந்தலூர் பக்கம் வந்தால் கேள்வியே மாறிவிடும்.

கக்கநல்லா தாண்டினால் பந்திப்பூர், கர்நாடகம். பாட்டவயல் தாண்டினால் சுல்தான் பத்தேரி, நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் வழிக்கடவு, இரண்டுமே கேரளம். மூன்று மாநிலத்துக்கும் காடு ஒன்றுதான். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆதிவாசி மக்களின் சொந்தபந்தம் எல்லைக்கு இரண்டு புறமும் உண்டு. மாவோயிஸ்டுகளின் 'தளம்' என்ற ஆயுதக் குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: நாடுகாணி தளம், பவானி தளம், கபனி தளம். ஒன்று நம் ஊர், மற்ற இரண்டும் ஆறுகள்.

ஒரு மாநில போலீஸ் தேடினால் அடுத்த மாநிலக் காட்டுக்குள் நகர்வது, அதுதான் கணக்கு. அது உடைந்தது சாப்பாட்டில். மழைக்காட்டில் மாதக்கணக்கில் இருக்க அரிசி, பருப்பு வேண்டும். அதற்கு இருட்டியபின் ஆதிவாசிக் காலனிக்கு இறங்கத்தான் வேண்டும். வந்தார்கள், பேசினார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், அரிசி வாங்கிப் போனார்கள். துப்பாக்கியோடு வாசலில் நிற்பவருக்கு ஒரு படி அரிசி கொடுப்பது ஆதரவா? ஆதிவாசிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் இயக்கம் இப்படிக் கரைந்திருக்காது.

மூன்று மாநில போலீசும் தகவலைப் பகிரத் தொடங்கியதும் எல்லை தாண்டுவதில் பயன் குறைந்தது. போலீஸ் சுட்டதில் மாவோயிஸ்டுகள் வரிசையாகச் செத்தார்கள்: 2016 நவம்பரில் கேரளத்து நிலம்பூர் கருளாய் காட்டில் குப்பு தேவராஜ், அஜிதா. 2019 அக்டோபரில் கேரளத்து அட்டப்பாடியில் சேலத்து மணிவாசகம் உட்பட 4 பேர். 2024 நவம்பரில் கர்நாடகத்து உடுப்பி மாவட்டத்தில் விக்ரம் கவுடா. 2025 ஜனவரி 8 அன்று பெங்களூருவில் சரணடைந்த 6 பேரில் நால்வர் கர்நாடகம், ஒருவர் தமிழ்நாடு, ஒருவர் கேரளம். எல்லை கடந்த இயக்கம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கும் 'நக்சல் ஆதரவாளன்' என்று யாராவது வருவீர்கள். நான் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்கவில்லை. சுட்டுக் கொன்றது சரியா என்ற வழக்குகளும் இங்கே என் பேச்சல்ல.

என் ஆதங்கம் வேறு. கூடலூர்ப் பகுதியில் ஜென்மி என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்தது 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டம். அவர்கள் எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம் பற்றிய அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை. கரண்டு கேட்டால் 'பிரிவு 17' என்று மனு திரும்பி வரும். வருஷக்கணக்காக இதே கதைதான். தேடுதல் வேட்டை என்றால் மட்டும் அதே காலனிக்கு ஜீப் ராத்திரியிலும் வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது.