நகராத பதவி உயர்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் 7 வருடமாக ஒரே சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் (ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரைப் பராமரிக்கும் வேலை) இருக்கிறேன். திங்கள் அதிகாலை காட்பாடியில் ரயில் ஏறினால் வெள்ளி இரவுதான் வீடு. மூன்று அப்ரைசலாக (வேலை மதிப்பீடு) “அடுத்த சைக்கிளில் பார்க்கலாம்”, அதாவது அடுத்த மதிப்பீட்டுச் சுற்றில் பார்க்கலாம் என்கிறார் மேனேஜர். கூடச் சேர்ந்தவர்கள் லீட் ஆகிவிட்டார்கள். சர்ட்டிஃபிகேஷன் முடித்தால் பதவி உயர்வு கிடைக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: அது மட்டும் போதாது. மேனேஜர் ஏன் தள்ளிப்போடுகிறார் என்று முதலில் பாருங்கள். கிளையன்ட் உங்கள் இடத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று பணம் தருகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்வரை அந்தத் தொகை பெரும்பாலும் மாறாது. உங்களை உயர்த்தினால் சம்பளச் செலவு ஏறும், வரவு ஏறாது. பழைய சிஸ்டம் தெரிந்த ஒரே ஆளும் நீங்களே என்றால் வேறு ப்ராஜெக்ட்டுக்கு விடவும் மனம் வராது. நன்றாக வேலை செய்கிறவரே ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இது அநியாயம்தான். ஆனால் உங்கள் திறமைக்குக் கிடைத்த மார்க் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்ரைசல் மீட்டிங்கில் பேசிப் பயனில்லை. அதற்குள் பதவி உயர்வுப் பட்டியல் மேலே போயிருக்கும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும் நிறுவனம் என்றால் அக்டோபர், நவம்பரிலேயே பேச வேண்டும். “எனக்கு எப்போது?” என்று கேட்காதீர்கள். “அடுத்த நிலைக்கு என்னிடம் எது குறைகிறது?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்றே ஒரு மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதி, மேனேஜர் மாறியதும் காணாமல் போய்விடும்.

வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வார வேலையைக் குறித்து வையுங்கள். “டிக்கெட்டுகளை (பதிவான கோளாறுப் புகார்களை) முடித்தேன்” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி எழுதுங்கள்: “இரவு தானாக ஓடும் பேட்ச் ஜாப் (மொத்தமாகச் செய்யும் கணினி வேலை) அடிக்கடி 3 மணிக்கு நின்றது. டேட்டாபேஸ் இணைப்புகள் மூடப்படாமல் தேங்கியதுதான் காரணம். ப்ரோகிராம் கோடைத் திருத்தினேன். மாதம் 40 ஆக இருந்த டிக்கெட் 6 ஆனது.” கோளாறு, காரணம், செய்தது, எண்: இந்த நான்கும் இருந்தால் உங்கள் முகமே தெரியாத டைரக்டர்கூட உங்களுக்காக வாதாட முடியும். கிளையன்ட்டின் பெயரும் ப்ரோகிராம் கோடும் மட்டும் உங்கள் சொந்த நோட்டுக்குள் வரக் கூடாது.

ஒரு ஜூனியருக்கு உங்கள் வேலையைக் கற்றுக்கொடுத்து, செய்முறையையும் எழுதி வையுங்கள். தன் இடம் போய்விடும் என்று பயந்து பலர் இதைச் செய்வதில்லை. மாற்று ஆள் தயாராக இருந்தால்தான் உங்களை ரிலீஸ் செய்வார்கள். அதன்பின் உள் வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு சைக்கிள் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் வெளியே தேடலாம். நிரந்தர ஊழியராக 5 வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்களுக்கு உண்டு: கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் × 15 ÷ 26 × வருடங்கள். அந்தச் சம்பளம் 30,000 என்றால் 7 வருடத்துக்குச் சுமார் 1,21,000 ரூபாய். 90 நாள் நோட்டீஸ் உள்ள இடங்களில் புது நிறுவனம் அவ்வளவு காத்திருக்குமா, மிச்ச நாளுக்குப் பணம் கட்டி விலகலாமா என்பதை ராஜினாமா கொடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் இரவு 9.30க்கு நியூயார்க் கிளையன்ட்டோடு கால். கைக்குழந்தை இருப்பதால் பல நாள் வர முடிவதில்லை. நான் செய்த வேலையை வேறொருவர் தன் பெயரில் சொல்லிவிடுகிறார்.
– வாசகி, வாலாஜா

பதில்: கோடையில் நியூயார்க் நமக்கு 9½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் இரவு 9.30 அங்கே நண்பகல் 12. காலை 8 மணிக்கு அவர்களுக்கு வசதிப்பட்டால் இங்கே மாலை 5.30தான். நவம்பர் முதல் ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அதன்பின் மார்ச் வரை அதே கால் மாலை 6.30 ஆகும். இந்தக் கணக்கோடு நேரத்தை மாற்றக் கேளுங்கள். “இரவு முடியாது” என்று மட்டும் சொன்னால் முணுமுணுப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும் என்றும் கேட்கலாம்.

வர முடியாத நாளில் காலுக்கு அரை மணி நேரம் முன்பே நீங்கள் முடித்ததை மூன்று வரியில் டீம் குரூப்பில் போட்டுவிடுங்கள். அப்படி முன்னால் எழுதியதை இன்னொருவர் தனதென்று சொல்வது கடினம். அதன்பிறகும் தொடர்ந்தால் அவரோடு மோத வேண்டாம். தேதி, டிக்கெட் எண்ணோடு மேனேஜரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: “நீயே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லையென்றால் நீக்கிவிடுவோம்” என்கிறார் ஹெச்.ஆர். இன்றே கையெழுத்துப் போட வேண்டுமாம்.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். “சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்” என்று எழுதித் தந்துவிட்டால், பின்னால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, அங்கே என்ன சொன்னார்கள் என்று ஹெச்.ஆருக்கே மெயில் அனுப்புங்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவு, 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. வேலைக்கான ஆர்டர், பழைய அப்ரைசல் கடிதங்கள், சம்பள ஸ்லிப்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

எப்படி வெளியே வந்தாலும் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். 5 வருடச் சேவைக்குள் எடுத்தால் வரி வரும். பென்ஷனுக்கு 10 வருடச் சேவை வேண்டும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம்.