கதவுக்கு வைத்த மணல்

வணக்கம் அம்மா,

உயர்தரம் படித்த காலத்திலிருந்து உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். ஊர் திருகோணமலை உப்புவெளி. இப்போது வேறு மாவட்டத்தில் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம். இந்த செமஸ்டரில் 'சமூகமும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பொதுப் பாடம் கட்டாயம். இருநூறு பேர் ஒரே மண்டபத்தில் இருக்க, விரிவுரையாளர் ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிறார். புள்ளி ஜி.பி.ஏ.க்குச் சேராது, ஆனால் சித்தியடையாவிட்டால் பட்டம் இல்லை. ஆங்கிலத்தில் ஆயிரம் சொல்லுக்குக் கட்டுரை வேறு. கலைப்பீடத்துப் பெடியள் எழுத வேண்டியதை எங்களிடம் ஏன் கேட்கிறார்கள்? அந்த நேரத்தில் வெளியே ஒரு புரோகிராமிங் கோர்ஸ் செய்தால் வேலைக்காவது உதவும். அடுத்த செமஸ்டருக்கு உளவியல், இலங்கை வரலாறு இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுக்கலாம் அம்மா?

உங்கள் வாசகன்,
உப்புவெளி

அன்புள்ள தம்பி,

இப்படியான கடிதங்களுக்குத் தனியாகத்தான் பதில் போடுவேன். இதை எல்லோரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன கிழமை கிண்ணியாவில் ஒரு கலியாண வீடு. திரும்பும்போது பஸ் பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, "பாதைக்கு நின்ற காலத்தில் இந்தக் கரையில் எத்தனை மணித்தியாலம் வெயில் குடித்திருப்பம்" என்றார். 2009இல் இந்தப் பாலம் திறக்கும்வரை எங்களுக்கு அந்த மிதவைப் பாதைதான், ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கரை கடக்கும் தட்டைப் படகு. ஒரு பாலம் யாருக்காக எழும்புகிறது, எழும்பும்வரை அந்தச் சனம் என்ன செய்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்லைடைப் பார்த்து வாசிப்பது பிழை. அதில் உங்கள் பக்கம்தான் நான். நான் படித்த இடத்திலும் ஒருவர் இருந்தார். மஞ்சள் பூத்த தாள்க் கட்டோடு வந்து, எங்கே கமா போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி எழுத வைப்பார். வருட முடிவில் கருத்துப் படிவம் தருவார்கள்தானே, அதில் பெயர் போடாமல் என்றாலும் எழுதுங்கள். புரோகிராமிங் கோர்ஸ் தாராளமாகச் செய்யுங்கள், கிழமையில் இரண்டு மணித்தியாலப் பாடம் அதை மறிக்கப் போவதில்லை. ஆங்கிலக் கட்டுரை கஷ்டம்தான். கஷ்டப்பட்டு எழுதுங்கள். உங்கள் பீடம் இந்தப் பாடத்தைச் சும்மா போட்டுவைக்கவும் இல்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றது ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அப்படி ஏற்கப்பட்ட பட்டத்தை வைத்துத்தான் நாளைக்கு நீங்கள் அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ பொறியியலாளர் என்று சொல்லிக்கொண்டு நிற்கலாம். கணிதம் தெரிந்த பிள்ளையை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. வேலையின் விளைவு சமூகத்துக்கு என்ன என்று தெரிந்த, அதை எழுதிச் சொல்லக்கூடிய பிள்ளையையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

சரி. இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

"கலைப்பீடத்துப் பெடியள் எழுத வேண்டியதை." இந்த வரியை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையா தம்பி? நான் கலைப்பீடத்தில் படித்தவள். உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் கவலை. எனக்கு முன்னால் சொல்லக் கூசுவதை உங்கள் பட்சுக்குள் தினமும் சொல்லிக்கொள்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்.

நான் முதலாம் வருடம் படித்தபோது கலைப்பீட மாணவருக்கு ஒரு விஞ்ஞானப் பாடம் வைத்தார்கள். சனிக்கிழமை காலை. நாங்களும் உங்களைப் போலத்தான் முணுமுணுத்தோம். விஞ்ஞானம் பிடிக்காமல்தானே கலைப் பிரிவுக்கு வந்தோம், மறுபடியும் ஏன் என்று. படிப்பித்தவர் பாறையும் கனிமமும் படித்த புவிச்சரிதவியல் ஆள், ஓய்வுபெறும் வயது. ஆங்கிலத்தில் ஆறுதலாகப் பேசுவார். இரண்டாவது கிழமையோ மூன்றாவது கிழமையோ அவர் ஒரு கடதாசிச் சுருளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். உள்ளே கறுப்பு மணல். பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் தகரத்தின் மூடி ஒன்றை வைத்தார். "இந்த மணலிலிருந்துதான் அந்த வெள்ளை நிறம் வருகிறது. யாருக்காவது இந்த மணலைத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். என் தாய்மாமா புல்மோட்டையில் மணல் ஆலையில் வேலை செய்தவர். ஒருமுறை வரும்போது ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய அந்த மணலைக் கொண்டுவந்தார். அம்மா அதை முன்கதவுக்கு முட்டு வைத்தா. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கதவு படார் படாரென்று அடிக்கும். மற்றப் போத்தல்களை வைத்தால் காற்று தள்ளிவிடும். மணல் போத்தல் அசையாது. சின்ன வயதில் அதைத் தூக்கப் போய், கை வழுக்கிக் காலில் போட்டுக்கொண்டவள் நான்.

எழும்பி, உடைந்த ஆங்கிலத்தில், "எங்கள் வீட்டில் கதவுக்கு வைக்கிற மணல் சேர், நல்ல பாரம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க விடவில்லை. திரும்பிக் கரும்பலகையில் 'பாரம்' என்பதற்கு ஆங்கிலச் சொல்லைப் பெரிதாக எழுதி, அதன் கீழே கோடு இழுத்தார். அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் போனது. சாதாரண மணல்மணி அதே அளவு தண்ணீரைவிட ஏறக்குறைய 2.6 மடங்கு பாரம், கறுப்பு மணலில் அதிகம் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம் ஏறக்குறைய 4.7 மடங்கு. அலை எல்லாவற்றையும் சேர்த்துக் கரையில் எறிகிறது, திரும்பும் தண்ணீர் இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானது தங்கிவிடுகிறது. வாடைக் காற்றுக் காலத்துக் கடல் இதையே திரும்பத் திரும்பச் செய்ய, கரை கறுக்கிறது. பிறகு அவர் ஒரு பெரிய காந்தத்தை மணலுக்கு மேலே பிடித்தார். இல்மனைட் எழும்பி அதில் ஒட்டியது, பழுப்பும் வெள்ளையுமாகச் சில மணிகள் கடதாசியிலேயே கிடந்தன. ஆலையிலும் இப்படிக் காந்தத்தால்தான் இல்மனைட்டைப் பிரிக்கிறார்கள் என்றார்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் அரிக்கஞ்சட்டியில் அரிசி அரித்துக்கொண்டிருந்தா. சட்டியைச் சுழற்றச் சுழற்ற அரிசி தண்ணீரோடு விளிம்புக்கு வந்து மற்றச் சட்டிக்குள் விழுந்தது. கல் அடியில் உள்ள வரிப்பள்ளத்தில் தங்கியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். புல்மோட்டைக் கடல் செய்வதை அம்மா ஒவ்வொரு நாளும் மத்தியானம் செய்துகொண்டிருந்திருக்கிறா. இதை அம்மாவுக்குச் சொன்னேன். "இதைப் படிக்கவா பல்கலைக்கழகம் போனாய்?" என்று கேட்டா. ஆனால் அன்று இரவு அப்பாவுக்கு அதை விளக்கிச் சொன்னது அவதான்.

அந்த விரிவுரையாளர், 'இவை கலைப்பீடத்துப் பிள்ளைகள், இவைக்கு எதுக்கு அடர்த்தி' என்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்கு வைத்த மணலை அவர் விஞ்ஞானமாக எடுத்துக்கொண்டார். நீங்கள் ஒரு கலைப்பீடத்துப் பிள்ளையின் படிப்பை என்னவாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

உங்களை மட்டும் ஏசுவது சரியில்லை, தெரியும். பதினாறு வயதில் சாதாரண தரம் முடித்த கையோடு பிள்ளைகளைக் கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் என்று வேலி போட்டுப் பிரிக்கிறோம். முதல் நாள்வரை வரலாறும் விஞ்ஞானமும் தமிழும் கணிதமும் சேர்த்துப் படித்த பிள்ளை, அடுத்த வருடம் மூன்றே மூன்று பாடத்துக்குள் போய்விடுகிறது. கணிதப் பிரிவுப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு கவிதையைத் தொடுவதில்லை, கலைப் பிரிவுப் பிள்ளை ஒரு சமன்பாட்டைத் தொடுவதில்லை. வீட்டில் உறவினர் வந்தால் 'மெத்ஸ் செய்கிறான்' என்பதைச் சத்தமாகவும் 'ஆர்ட்ஸ் செய்கிறாள்' என்பதை மெதுவாகவும் சொல்கிறோம். என் சொந்தக்காரரும் அப்படித்தான் சொன்னார்கள். மூடிய அந்தக் கதவு இன்னொருமுறை கொஞ்சம் திறப்பது நீங்கள் வெறுக்கும் இந்தப் பொதுப் பாடங்களில் மட்டும்தான்.

எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் விபுலாநந்த அடிகள். லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலைத் தந்தார். அவரை எந்தப் பீடத்தில் உட்கார வைப்பீர்கள்?

இன்னொன்று. 2021 நவம்பர் 23 உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். கிண்ணியாவுக்குப் பக்கத்தில் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை சனம் கடக்க ஒரு மிதவைப் பாதை. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறிய அந்தப் பாதை கவிழ்ந்தது. பிள்ளைகள் இறந்தார்கள். யார் பிழை என்று இங்கே எழுத வரவில்லை. பாலம் எத்தனை தொன் தாங்கும் என்பதை உங்கள் முக்கியப் பாடங்கள் சொல்லித் தரும். அது முடியும்வரை ஆறு வயதுப் பிள்ளை எதில் ஏறிப் பள்ளிக்கூடம் போகும், அதை எந்த வீட்டில் போய்க் கேட்பது, கேட்டதை எந்த அறிக்கையில் எந்தச் சொல்லில் எழுதினால் மேலே இருப்பவர் வாசிப்பார் என்பதெல்லாம் எந்தப் பாடம்? நீங்கள் ஜி.பி.ஏ.க்குச் சேராது என்று எழுதிய பாடம் அதுதான். ஸ்லைடை வாசிக்கிறவர் அதைச் சொல்லித் தரவில்லை என்றால், நீங்கள் கையை உயர்த்திக் கேட்டிருக்க வேண்டும். இருநூறு பேரில் ஒருவராவது கேட்டீர்களா?

உளவியலா வரலாறா என்று கேட்டிருந்தீர்கள். யார் படிப்பிக்கிறார் என்று மேல் பட்ச் பிள்ளைகளிடம் விசாரித்து, நல்லாகப் படிப்பிக்கிறவரின் பாடத்தை எடுங்கள்.

விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். உப்புவெளியிலிருந்து கிண்ணியா தூரமில்லை. குறிஞ்சாக்கேணிக்கு ஒரு காலை போய், பள்ளிக்கூட நேரத்தில் கரையில் நின்று, அங்கேயுள்ள நாலு தாய்மாரோடு கதையுங்கள். அவர்களை மகன் முறையில் அம்மா, உம்மா என்று கூப்பிட்டுக் கதையுங்கள், கேள்விப் படிவத்தை நீட்டாதீர்கள். அந்த ஆயிரம் சொல்லை அதைப் பற்றி எழுதுங்கள். முதலில் தமிழில் எழுதி எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன், ஆங்கிலத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து மாற்றலாம்.

அன்புடன்,
அம்மா