அப்பா காட்டிய செங்கல்பட்டுப் பூச்சாண்டி

சிறார் குற்றத்தைப் பற்றிய சட்டத்தின் பார்வையும் சமூகத்தின் பார்வையும் எப்படி மாறியிருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். மாறியிருக்கின்றன. ஆனால் ஒரே திசையில் அல்ல என்பது வழக்கறிஞராக நான் கண்டது.

சிறுவயதில் சேட்டை செய்தால், "செங்கல்பட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன்" என்பார் அப்பா. அங்கே இருந்தது ஆங்கிலேயர் காலத்துச் சீர்திருத்தப் பள்ளி. இந்திய மாகாணங்களில் சிறாருக்கென்று முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்ததும் சென்னை மாகாணம்தான், 1920-ல். 1986-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சிறார் என்பதற்குப் பையன்களுக்கு 16, பெண்களுக்கு 18 என வயது வரம்பு வைத்தது. 2000-ல் இருவருக்கும் 18 ஆனது. 'இளம் குற்றவாளி' என்ற பெயர் போய், 'சட்டத்துடன் முரண்பட்ட சிறார்' வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன்.

பிறகு ஒருநாள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனேன். மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு மேஜைக்குப் பின்னால் மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும். எதிரே, செல்போன் திருடியதாகப் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையன். அழைத்துவந்த காவலர் விதிப்படி சாதாரணச் சட்டையில் இருந்தார்; காலில் மட்டும் பழுப்பு நிற போலீஸ் ஷூ. பையனின் கண் அதைவிட்டு அகலவேயில்லை.

2012-ல் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைதான் காற்றைத் திருப்பியது. ஆறு பேரில் ஒருவனுக்கு வயது 17. அவனுக்குச் சிறை இல்லை, சிறாருக்கான சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு. நாடு கொதித்தது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் மகள் இருக்கிறாள். வயதைக் குறைக்க வேண்டாம் என்றது, அதன் பின் அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு. ஆனாலும் 2015-ல் புதுச் சட்டம் வந்தது. கொடுங்குற்றம் என்றால், 16 முதல் 18 வயது வரை உள்ளவரைப் பெரியவராகவே விசாரிக்கலாம். அதற்குமுன் அவரது மனமுதிர்ச்சியைக் குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும். குற்றம் நடந்த நாளில் ஒருவன் மனம் எப்படி இருந்தது என்பதைப் பின்னால் உட்கார்ந்து எந்தத் தராசில் நிறுப்பது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தச் செல்போன் பையனுக்கு வழக்கு முடிந்தது. பள்ளியில்தான் திரும்பச் சேர்க்கவில்லை. பழைய வழக்கைத் தகுதிக்குறைவாகக் கொள்ளக்கூடாது என்னும், 2015 சட்டத்தின் 24-ஆம் பிரிவை அச்செடுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் முழுதும் படித்துவிட்டு, தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எனக்குப் புரிகிறது சார். மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் நீங்கள் வந்து சொல்கிறீர்களா?"