மெதுவாகத் திருப்பும்போது வண்டி குலுங்கினால் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்பக்கம் கடகடவென்று குலுங்குகிறது. நேராக ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. வண்டியை எடுத்தவுடன் இது தெரிவதில்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகே வருகிறது. முன் ஆக்ஸிலை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். குலுக்கல் பின்னாலிருந்து வருகிறது, சூடான பிறகே வருகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறிப்புகளும் முன் ஆக்ஸிலைச் சுட்டவில்லை. அதன் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) தேய்ந்திருந்தால், திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்து 'டக் டக்' என்ற ஓசை முன்பக்கத்திலிருந்து கேட்கும். பெரும்பாலும் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கும். இவை இல்லாத நிலையில் ஆக்ஸிலை மாற்றுவது வீண் செலவு.

வண்டியை நிறுத்தியபடி, எஞ்சின் ஓடும்போது, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள். அப்போதே குலுங்கினால் பழுது ஸ்டீயரிங் பக்கம்: பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், அல்லது முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தாங்கும் தூண்) மேல் பேரிங் இறுகி, சுருள் ஸ்பிரிங் முறுகி முறுகித் துள்ளலாம். நின்றபோது குலுங்காமல் உருளும்போது மட்டும் குலுங்கினால் தேட வேண்டிய இடம் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் பகுதிதான்.

அடுத்து, வண்டி ஃபோர் வீல் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. முன், பின் ஷாஃப்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத பகுதி நேர ஃபோர் வீல் அமைப்பில் அவை ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால், காய்ந்த கெட்டித் தரையில் டயர்தான் இழுபட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். குலுக்கல் அதனாலேயே வரலாம். டூ வீலுக்கு மாற்றி அதே திருப்பத்தை அடித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியானால், நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். இரண்டு மட்டும் புதிதாக இருந்தால் அதுவே காரணமாகலாம்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது, இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பின் டிஃபரன்ஷியலை. அது பிளேட்டுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் வகையா (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கி வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரு பின் சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் என்றால், ஒரு முழு வட்டம் அடிக்கும்போது வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வேறுபாடு மாறாது. ஆனால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அத்தனையும் குறுகிய ஓட்டத்துக்குள் நிகழ்ந்தாக வேண்டும் என்பதால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வேகமாக வழுக்கியாக வேண்டும். அவற்றுக்கென்று ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (பிளேட்டுகள் ஒட்டாமல் சீராக வழுக்க உதவும் சேர்மம்) கலந்த ஆயில் இல்லாமல் சாதாரண கியர் ஆயில் ஊற்றப்பட்டிருந்தாலோ, ஆயில் பழசாகியிருந்தாலோ, சூட்டில் ஆயில் படலம் மெலிந்தவுடன் பிளேட்டுகள் ஒட்டுவதும் விடுவதுமாகத் தடுமாறும். நீங்கள் உணரும் குலுக்கல் அந்தத் தடுமாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அண்மையில் யாராவது டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றினார்களா, என்ன ஊற்றினார்கள் என்று கேட்டறிவது மிக முக்கியம்.

பழைய ஆயிலை வடித்துவிட்டு, கையேடு சொல்லும் ஆயிலையும் மாடிஃபையரையும் சொன்ன அளவில் ஊற்றச் சொல்லுங்கள். சில ஆயில்களில் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன்மேல் மேலும் ஊற்றினால் டிஃபரன்ஷியலின் பிடிமானம் குறைந்துவிடும். பிறகு வெறுமையான சமதளத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டினால் புது ஆயில் பிளேட்டுகளுக்கு இடையே புகும். குலுக்கல் உடனே நிற்காமல் சற்று ஓடிய பின் அடங்கினாலும் கவலை வேண்டாம்.

ஆயிலை வடிக்கும்போது வடிகால் திருகில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்காமல் நீங்களே பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருக்கும் நுண்துகள் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் இருந்தாலோ, சரியான ஆயில் ஊற்றி ஓட்டிய பிறகும் குலுக்கல் குறையாவிட்டாலோ, டிஃபரன்ஷியலைக் கழற்றிப் பிளேட்டுகளையும் பேரிங்குகளையும் பார்த்தே ஆக வேண்டும்.