சார்ட்டர் பள்ளிகளும் ஒரு மாநிலமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், சார்ட்டர் பள்ளிகள் நல்லவையா கெட்டவையா என்று கேட்பதைவிட அவற்றுக்கு யார் அனுமதி அளிக்கிறார்கள் என்று கேட்பதே பயனுள்ளது என ஒரே வரியில் கடந்துபோயிருந்தீர்கள். நான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். என்னோடு பணிபுரியும் ஹெய்ட்டி நாட்டுப் பெண்மணி ஒருவர் பாஸ்டனின் மாட்டபான் பகுதியில் குடியிருக்கிறார். அவருடைய மகளுக்குச் சார்ட்டர் பள்ளிக் குலுக்கலில் இடம் கிடைத்தது. அதே குலுக்கலில் கலந்துகொண்ட அக்காள் மகனுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வீட்டின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் வளரும் அந்த இரு பிள்ளைகளின் படிப்பும் இரு வேறு திசைகளில் போய்க்கொண்டிருப்பதாக அவர் வருந்திச் சொன்னார்.

என் கேள்விகள் மூன்று. சார்ட்டர் பள்ளி என்பது நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளியைப் போன்றதுதானா? அப்பள்ளிகள் இவ்வளவு நல்லவை என்றால், மாநிலம் முழுவதும் அவற்றைப் பெருக்குவதற்கு 2016 வாக்கெடுப்பில் மக்களே ஏன் தடை போட்டார்கள்? எங்கள் பகுதியிலும் ஒரு சார்ட்டர் பள்ளி இருக்கிறது. என் மகனுக்கு விண்ணப்பிக்கலாமா?

அன்புடன்,
சுதா

அன்புள்ள சுதா அவர்களுக்கு,

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரண்டிலும் பணம் அரசுடையது, நிர்வாகம் வேறொருவருடையது என்ற அளவில் ஒற்றுமை உண்டு. ஆனால் நம்மூர் உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டால், பள்ளி நன்றாக நடந்தாலும் சுமாராக நடந்தாலும் அந்த ஏற்பாடு பெரும்பாலும் தொடர்ந்துகொண்டே போகும். சார்ட்டர் பள்ளிக்குக் கிடைப்பது தவணை குறிக்கப்பட்ட ஓர் உரிமம். மாசசூசெட்ஸில் அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்; பிள்ளைகள் தேறவில்லை என்றால் மாநிலக் கல்வி வாரியம் அதைத் திரும்பப் பெற்றுப் பள்ளியை மூடிவிடலாம். கட்டணம் கிடையாது, நுழைவுத்தேர்வு கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். இதற்கான முதல் சட்டம் 1991இல் மின்னசோட்டாவில் வந்தது. மாசசூசெட்ஸ் 1993இல் சட்டம் இயற்றி 1995இல் முதல் பள்ளிகளைத் திறந்தது.

இரண்டாம் கேள்விக்கு வருவதற்கு முன், 'இவ்வளவு நல்லவை' என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். சார்ட்டர் பள்ளிகளைப் பற்றிய வழக்கமான ஐயம் இதுதான்: பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ள பெற்றோர்தான் விண்ணப்பிக்கிறார்கள், அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எங்கே போனாலும் படித்துவிடும், பள்ளிக்கு இதில் என்ன பெருமை? இந்த ஐயத்துக்கு விடை காண உங்கள் தோழி வருந்திய அந்தக் குலுக்கலே வழிசெய்தது. விண்ணப்பித்து இடம் கிடைத்தவர்கள், விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் ஆகிய இரு சாரார் வீட்டிலும் அக்கறை உள்ள பெற்றோர்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தது சீட்டு மட்டுமே. பிற்பாடு 2021இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்கிரிஸ்ட்டும் அவருடைய சகாக்களும் பாஸ்டன் குலுக்கல்களின் பதிவேடுகளை வைத்துக்கொண்டு இரு சாராரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இடம் கிடைத்த பிள்ளைகளின் மதிப்பெண்கள், குறிப்பாக நடுநிலை வகுப்புகளின் கணக்குப் பாடத்தில், கல்வி ஆய்வுகளில் அரிதாகவே காணப்படும் அளவுக்கு உயர்ந்திருந்தன.

குலுக்கலே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. 2011இல் தெற்கு பாஸ்டனில் இருந்த கேவின் நடுநிலைப்பள்ளி மிக மோசமான நிலையில் மூடப்பட்டு, அதே கட்டடத்தில் அப் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளி தொடங்கப்பட்டது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் புதியவர்கள், பிள்ளைகளோ பழையவர்களே. தாங்களாக விலகினால் தவிர, முன்பு அங்கே படித்தவர்களுக்குப் புதிய பள்ளியில் இடம் உறுதி. யாரும் தேடி விண்ணப்பித்துச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களும் முன்னேறினார்கள். பெற்றோரின் அக்கறைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாதம் இதற்குப் பிறகு பெரிதும் வலுவிழந்துவிட்டது என்பதே என் கருத்து.

அங்கே அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டால், விடையில் மந்திரம் எதுவும் இல்லை. காமன்வெல்த் அவென்யூவில் வாகன உதிரிபாகக் கடையாக இருந்த ஒரு கட்டடத்தில் நடந்துவந்த மேட்ச் உயர்நிலைப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கல்லூரி முடித்த இளைஞர்கள் சொற்ப உதவித்தொகைக்கு ஓராண்டு அங்கே வந்து, அதே கட்டடத்தின் மேல்மாடியில் தங்கிக்கொண்டு, நாள்தோறும் பள்ளி நேரத்துக்குள்ளேயே ஓரிரு பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். நீண்ட பள்ளிநாள், ஓயாத தேர்வும் திருத்தமும், ஆசிரியரின் வகுப்பைத் தலைமையாசிரியர் அடிக்கடி வந்து பார்த்துக் குறை சொல்லுதல், கண்டிப்பான ஒழுங்கு ஆகியவை மற்றப் பள்ளிகளிலும் இருந்த பொது அம்சங்கள். அந்தக் கண்டிப்பு சில பள்ளிகளில் எல்லை மீறியதையும் சொல்லியாக வேண்டும். சட்டை உள்ளே செருகப்படவில்லை என்பது போன்ற சிறு காரணங்கள் சேர்ந்து சேர்ந்து பிள்ளை இடைநீக்கம் வரை போனதும், இடைநீக்க விகிதம் நகரப் பள்ளிகளைவிடப் பல மடங்காக இருந்ததும் பெற்றோர் கொந்தளிப்பதற்குப் போதுமான காரணங்கள்தான்.

இனி, பெருக்கும் கதைக்கு வருவோம். நல்ல பள்ளி ஒன்றை நடத்திக் காட்டுவது ஒரு காரியம். அதையே பத்து இடங்களில் நடத்துவது முற்றிலும் வேறு காரியம். தொடங்கியவரின் தனித்திறமையும் முதல் ஆசிரியர்களின் வேகமும் இரண்டாவது கிளைக்குப் போகும்போது நீர்த்துப்போகும் என்பது கல்வித்துறையில் எல்லோரும் கண்ட அனுபவம். 2010இல் மாசசூசெட்ஸ் கொண்டுவந்த சட்டம் இந்த இடத்தில் ஒரு நுட்பமான வேலை செய்தது. ஒரு நகரத்தின் பள்ளிச் செலவில் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போகக்கூடிய பங்குக்கு 9 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருந்தது. தேர்ச்சியில் மாநிலத்தின் கடைசிப் பத்து விழுக்காட்டில் உள்ள ஊர்களுக்கு மட்டும் அதை 18 விழுக்காடாக உயர்த்தினார்கள். கூடுதலாகக் கிடைத்த இடங்களை, ஏற்கெனவே நல்ல பள்ளி நடத்திக் காட்டியவர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். எங்கே தேவையோ அங்கே மட்டும், யார் நிரூபித்தார்களோ அவர்களுக்கு மட்டும் என்ற இரட்டைப் பூட்டு அது.

இதன் விளைவைச் சாரா கோஹோட்ஸ், எலிசபெத் செட்ரன், கிறிஸ்டபர் வால்ட்டர்ஸ் ஆகிய மூவரும் ஆராய்ந்தார்கள். பாஸ்டனின் நடுநிலை வகுப்புகளில் சார்ட்டர் பள்ளிகளின் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பான பிறகும், புதிய கிளைகளில் படித்த பிள்ளைகள் தாய்ப்பள்ளியின் பிள்ளைகளுக்கு நிகராகவே முன்னேறினார்கள். இத்தனைக்கும் புதிய கிளைகளின் ஆசிரியர்கள் வயதிலும் அனுபவத்திலும் குறைந்தவர்கள். பாடத்திட்டம் முதல் வகுப்பறை நடைமுறை வரை எல்லாவற்றையும் எழுதிவைத்து ஒரே சீராகக் கடைப்பிடித்ததே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தனித்திறமை உள்ள ஆசிரியர்களுக்கு இந்தச் சீர்மை மூச்சுமுட்டும். எனக்கும் அது உவப்பானதல்ல. ஆனால் எழுத்துக்கூட்டத் தடுமாறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது உதவியிருக்கிறது என்பதை என் ரசனையை வைத்து மறுக்க முடியாது.

பூட்டே இல்லாமல் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒஹாயோ மாநிலம் சான்று. அங்கே அனுமதி வழங்கும் அமைப்புகள் பல இருந்தன. தாம் மேற்பார்க்கும் பள்ளிக்கு வரும் அரசுப் பணத்தில் 3 விழுக்காடு வரை அவை கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளியை மூடினால் தன் வருமானம் போகும் என்ற நிலையில் இருப்பவரிடம் மூடும் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஈகாட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இணையவழிச் சார்ட்டர் பள்ளி 2015–16ஆம் ஆண்டில் சுமார் 15,300 மாணவர்களுக்கு அரசிடம் பணம் பெற்றது; தணிக்கையின்போது ஏறத்தாழ 6,300 பேருக்குத்தான் அதனால் கணக்குக் காட்ட முடிந்தது. அந்த ஓராண்டுக்கு மட்டும் சுமார் 6 கோடி டாலரைத் திருப்பித் தருமாறு மாநிலம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். இரு மாநிலங்களிலும் பெயர் ஒன்றுதான், சார்ட்டர் பள்ளி. என் கட்டுரையில் அந்த ஒரு வரியை எழுதியபோது இந்த வேறுபாட்டைத்தான் மனத்தில் வைத்திருந்தேன்.

அப்படியானால் மாசசூசெட்ஸ் மக்கள் 2016இல் ஏன் மறுத்தார்கள்? நவம்பர் தேர்தலோடு சேர்த்து வாக்குக்கு விடப்பட்ட அந்த முன்மொழிவு, உச்சவரம்புக்கு வெளியே ஆண்டுக்குப் பன்னிரண்டு புதிய பள்ளிகளையோ விரிவாக்கங்களையோ அனுமதிக்கலாமா என்று கேட்டது. ஆளுநர் சார்லி பேக்கர் ஆதரித்தார். செனட்டர் எலிசபெத் வாரன் எதிர்த்தார். பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ், தாமே ஒரு சார்ட்டர் பள்ளியின் நிறுவனக் குழுவில் இருந்தவராயினும், எதிர்த்தார். ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஆசிரியர் சங்கங்களின் பிரசாரமே காரணம் என்று ஆதரவாளர்கள் சொல்வது பாதி உண்மை. ஆதரவுத் தரப்பில் பெரும்பணம் செலவிட்ட ஃபேமிலீஸ் ஃபார் எக்ஸலன்ட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு கொடையாளர்களின் பெயரை மறைத்ததற்காக மறு ஆண்டே 4,26,466 டாலர் செலுத்த நேர்ந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் வாக்காளர்களுக்கு ஏற்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் வாக்கைத் தீர்மானித்தது நகரப் பள்ளிகளை விட்டு வெளியே போகும் பணத்தைப் பற்றிய கவலை என்றே நான் நினைக்கிறேன். பத்துப் பள்ளிகள் உள்ள ஓர் ஊரிலிருந்து ஐம்பது பிள்ளைகள் சார்ட்டர் பள்ளிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு ஐந்து பேர், அதிலும் வகுப்புக்கு ஒருவர். எந்த வகுப்பையும் மூட முடியாது, எந்த ஆசிரியரையும் குறைக்க முடியாது. பேருந்து அதே தடத்தில் ஓடும், குளிர்காலத்தில் கொதிகலன் அதே எரிபொருளைக் குடிக்கும். ஐம்பது பேருக்கான தொகையோ முழுவதுமாக வெளியே போய்விடும். இதைச் சமாளிக்க நகரங்களுக்கு மாநிலம் சில ஆண்டுகள் ஈடுதொகை தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் 2016க்கு முந்தைய ஆண்டுகளில் வரவுசெலவுத் திட்டத்தில் அதை முழுமையாக ஒதுக்கவில்லை. கொடுக்க வேண்டியதை மாநிலம் கொடுக்காத நிலையில், ஆண்டுக்கு இன்னும் பன்னிரண்டு பள்ளிகள் திறக்க ஆதரவாளர்கள் அனுமதி கேட்டார்கள். போதாக்குறைக்கு, அந்தப் பன்னிரண்டும் பின்தங்கிய ஊர்களில்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விண்ணப்பங்கள் மிகுந்தால் மட்டும் அவற்றுக்கு முன்னுரிமை. 2010 சட்டத்தின் இரட்டைப் பூட்டில் ஒன்று தளர்த்தப்பட்டிருந்தது. நான் அங்கே வாக்காளராக இருந்திருந்தால், பள்ளிகள் நல்லவை என்பதை ஏற்றுக்கொண்டே வேண்டாம் என்றுதான் வாக்களித்திருப்பேன்.

விரிவாக்கம் வேண்டும் என்ற தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010 சட்டத்துக்குப் பிந்தைய விரிவாக்கத்தை ஆராய்ந்த ரிட்லி, டெரியர் என்ற இரு ஆய்வாளர்கள், நகரப் பள்ளிகளில் எஞ்சிய பிள்ளைகளுக்கான தலைக்குச் செலவு அந்த ஊர்களில் கூடியதையும், அவர்களின் மதிப்பெண் சிறிதளவு உயர்ந்ததையும் கண்டார்கள். எனினும் தலைக்குச் செலவு கூடியதில் ஈடுதொகைக்குப் பங்கு உண்டு. ஆகவே இந்த ஆய்வும் ஈடுதொகையை ஒழுங்காகக் கொடுங்கள் என்ற பக்கமே சாய்கிறது. 2019இல் வந்த மாணவர் வாய்ப்புச் சட்டம் அந்த ஈடுதொகையை, கூடுதலாக வெளியே போன தொகையில் முதலாண்டு 100, அடுத்து 60, பிறகு 40 விழுக்காடு என்று திருத்தி, படிப்படியாக முழுமையாக வழங்கவும் வகைசெய்தது. 2016இல் எனக்கு இருந்திருக்கக்கூடிய ஆட்சேபம் இதனால் பெருமளவு நீங்குகிறது. கடைசிப் பத்து விழுக்காட்டு ஊர்களுக்கு மட்டும், நிரூபித்தவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரம்பை உயர்த்தும் மசோதா நாளை வந்தால் அதை ஆதரிக்கலாம் என்பேன். பாஸ்டன் நகரப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை இப்போது ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டதால், அங்கே புதிய கட்டடம் திறப்பதைவிட, கேவின் பள்ளியில் செய்ததுபோல, தோற்றுவரும் பள்ளியை உள்ளிருந்தே மாற்றுவது பொருத்தமாக இருக்கும்.

ஆதரவு என்பது அனுமதியோடு முடிவதும் அல்ல. நகரப் பள்ளிக்குக் கட்டடம் கட்ட மாநில நிதி உண்டு. சார்ட்டர் பள்ளிக்குப் பல ஆண்டுகள் பிள்ளைக்கு 893 டாலர் என்ற கட்டடப்படி மட்டுமே கிடைத்துவந்தது. உதிரிபாகக் கடையில் பள்ளி நடந்ததன் பின்னணி அதுதான். இன்னொன்றையும் வால்ட்டர்ஸ் தனியாக எழுதிய ஆய்வில் காட்டியிருக்கிறார்: இப்பள்ளிகளால் மிக அதிகமாகப் பயன்பெறக்கூடிய ஏழ்மையான, மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் வீடுகளிலிருந்தே விண்ணப்பங்கள் குறைவாக வருகின்றன. இடத்தைக் கூட்டினால் மட்டும் அவர்கள் வந்துவிட மாட்டார்கள். உங்கள் தோழியின் பேட்டையில் ஹெய்ட்டி கிரியோல் மொழியில் துண்டறிக்கை கொடுத்து, வீடு வீடாகச் சென்று பேச ஆள் வைக்க வேண்டும்; அதற்கும் பணம் வேண்டும்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். மேலே சொன்ன முன்னேற்றமெல்லாம் நகரத்துச் சார்ட்டர் பள்ளிகளுக்கு உரியது. அதே ஆங்கிரிஸ்ட் குழு மாசசூசெட்ஸின் நகரம் சாராத சார்ட்டர் பள்ளிகளையும் ஆராய்ந்தது. சராசரியாகப் பார்த்தால் அங்கே ஆதாயம் தென்படவில்லை, சில பாடங்களில் சற்றுப் பின்னடைவுகூட இருந்தது. காரணங்களில் ஒன்று எளிது: குலுக்கலில் தோற்றால் உங்கள் மகன் போகப்போவது நல்ல புறநகர்ப் பள்ளி, மாட்டபான் பையனுக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் சார்ட்டர் என்ற பெயருக்காக விண்ணப்பிக்க வேண்டாம். அப்பள்ளியில் உங்கள் மகன் விரும்பும் ஏதேனும் ஒரு பாடமோ பயிற்சியோ உங்கள் ஊர்ப் பள்ளியில் இல்லாததாக இருந்தால், ஒரு வேலைநாளில் போய் அவன் சேரவிருக்கும் வகுப்பில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பள்ளியின் கடைசி உரிமப் புதுப்பிப்பு அறிக்கை மாநிலக் கல்வித்துறையிடம் கிடைக்கும். நிபந்தனை எதுவும் விதித்துப் புதுப்பித்திருக்கிறார்களா என்று அதில் பாருங்கள். பேருந்து உங்கள் ஊருக்கு வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.