எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி? அமெரிக்க ஓட்டு பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

மிச்சிகனில் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் வேலை பார்ப்பவள் நான். அமெரிக்கத் தேர்தல் வரலாற்றை விரும்பிப் படிப்பவள். பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். யாருக்குப் போடுவது என்று மட்டும் கேட்காதீர்கள், மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): அக்கா, இப்போதுதான் குடியுரிமை கிடைத்தது. இரண்டு பெரிய கட்சி வேட்பாளரையும் எனக்குப் பிடிக்கவில்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஒருவருக்குப் போட்டுவிட்டால், அவர் நாளைக்குச் செய்யும் அட்டூழியத்துக்கெல்லாம் நானும் பொறுப்பா?

பதில்: லூசியானாவில் 1991-இல் நடந்த ஆளுநர் தேர்தலைச் சொல்கிறேன். அங்கே எல்லாக் கட்சிக்காரர்களும் முதல் சுற்றில் ஒன்றாகவே நிற்பார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவர் மட்டும் மறுபடி மோத வேண்டும். பதவியிலிருந்த ஆளுநர் படி ரோமர் மூன்றாவதாக வந்து வெளியேறினார். மிஞ்சியவர்களில் ஒருவர் எட்வின் எட்வர்ட்ஸ். ஏற்கெனவே மூன்று முறை ஆளுநராக இருந்தவர், ஊழல் வழக்கில் கூண்டேறித் தப்பியவர், சூதாட்டப் பிரியர். இன்னொருவர் டேவிட் டியூக், வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் முன்னாள் தலைவர்.

அப்போது கார்களின் பின்னால் ஒரு ஸ்டிக்கர் பிரபலமானது: ‘திருடனுக்கே ஓட்டுப் போடுங்கள், இது முக்கியம்.’ எட்வர்ட்ஸ் 61 சதவீதம் வாங்கி ஜெயித்தார். ஸ்டிக்கர் சொன்னதும் பொய்யாகவில்லை. சூதாட்டக் கப்பல் உரிமங்களுக்குப் பணம் பறித்த வழக்கில் 2000-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, எட்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

போட்டவர்கள் அந்த ஊழலுக்குப் பொறுப்பா? கொஞ்சம் பொறுப்புதான் என்பேன், தெரிந்தே போட்டார்களே. ஆனால் அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், யாரும் எட்வர்ட்ஸ் நல்லவர் என்று நடிக்கவில்லை. திருடன் என்று எழுதி ஒட்டிக்கொண்டுதான் போட்டார்கள். நாம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நவம்பரில் ‘வேறு வழியில்லை’ என்று ஒருவருக்குப் போடுகிறோம். ஜனவரிக்குள் அவர் செய்வதற்கெல்லாம் வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுகிறோம். போட்டது தப்பில்லை, அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டால் அதற்கு முழுப் பொறுப்பும் நம்முடையது.

கேள்வி (அதே ஊர், வேறு ஒருவர்): வேட்பாளர் நம்மிடம் ஒளித்து வைத்ததற்கும் நாம் பொறுப்பா? சமாதானம் பேசி ஓட்டு வாங்கிவிட்டுச் சண்டைக்குப் போனால்?

பதில்: 1964-இல் அதேதான் நடந்தது. எதிர் வேட்பாளர் கோல்ட்வாட்டர் வந்தால் போர் பெரிதாகும் என்று பயந்து லிண்டன் ஜான்சனுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். 1965-இல் ஜான்சனே வியட்நாம்மீது தொடர் குண்டுவீச்சைத் தொடங்கி, தரைப்படையையும் இறக்கினார். ஏமாந்தவர்மேல் பழி போட மாட்டேன். ஆனால் அதே 1965 மார்ச்சில், எங்கள் மிச்சிகனில் ஆன் ஆர்பர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் விடிய விடிய உட்கார்ந்து போரை எதிர்த்துப் பேசினார்கள். நாடு முழுக்கப் பரவிய அந்த வகைக் கூட்டங்களில் அதுதான் முதலாவது. அந்தத் தேர்தலில் ஜெயித்து ஜான்சன் மறுபடி பதவியேற்று இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது.

கேள்வி (டாலஸ்): மூன்றாவது கட்சிக்குப் போட்டால் எதிரிக்குப் போட்ட மாதிரி என்கிறார்களே, 2000-இல் நேடரால்தான் புஷ் வந்தார் என்று. உண்மையா சார்?

பதில்: சார் இல்லை, அக்கா! ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,488. கணக்கு கண்ணில் குத்துகிறது. நேடர் நிற்காமல் இருந்து, அவருக்குப் போட்டவர்களில் ஒரு சிறு பகுதி ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போயிருந்தால் ஈராக் போர் வந்திருக்குமா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன்.

ஆனால் அதே 537-ஐ வைத்து வேறு யாரை வேண்டுமானாலும் குற்றவாளி ஆக்கலாம். சோஷலிஸ்ட் கட்சிக்காரர் 622 ஓட்டு வாங்கினார், அவரும் குற்றவாளியா? ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாக்குச்சீட்டு இரண்டு பக்கமாக விரிந்து, துளையிடும் வரிசை நடுவில் இருந்தது. இடது பக்கத்தில் கோர் பெயர் இரண்டாவது, ஆனால் அவருக்கான துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலது பக்கத்திலிருந்த பேட் புக்கானனுக்கு உரியது. அந்தக் கவுண்ட்டியில் புக்கானனுக்கு 3,407 ஓட்டு விழுந்தது. யூதர்களுக்கு எதிரானவர் என்று பெயர் வாங்கியவருக்கு, யூதர்கள் நிறைய இருக்கும் இடத்தில் இவ்வளவா என்று எல்லாரும் வியந்தார்கள். அப்புறம், கோர் தன் சொந்த மாநிலமான டென்னசியை ஜெயித்திருந்தாலே ஃப்ளோரிடா தேவைப்பட்டிருக்காது. மறு எண்ணிக்கையை நிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 5-க்கு 4. இத்தனை காரணம் இருக்க, பழியை நேடருக்குப் போட்டவர் தலையில் மட்டும் கட்டுவது சௌகரியம், அவ்வளவுதான். போட்டி நெருக்கமான மாநிலத்தில் இருப்பவர் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். முடிந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரை அடிக்கக் கூடாது.

கேள்வி (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா): எங்கள் மாநிலத்திலும் இதே கணக்கா?

பதில்: இல்லை. 2016-இல் கலிஃபோர்னியாவில் ஹிலரி கிளின்டனின் முன்னிலை 40 லட்சத்துக்கு மேல். அதே தேர்தலில் மிச்சிகனில் டிரம்பின் முன்னிலை 10,704 மட்டுமே. அதிபரை முடிவு செய்வது எலெக்டோரல் ஓட்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று உண்டு. மேயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் மொத்த எலெக்டோரல் ஓட்டும். அதனால் அதிபர் தேர்தலில் நீங்கள் மனசாட்சிப்படி யாருக்கும் போடலாம், முடிவு மாறாது. எனக்கு அந்தச் சுகம் இல்லை. 2000-இல் இதை வைத்து இணையத்தில் ஓட்டு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு: நீ அங்கே கோருக்குப் போடு, நான் இங்கே நேடருக்குப் போடுகிறேன் என்று. கலிஃபோர்னியா அரசு வழக்குப் போடுவேன் என்று மிரட்டியது. அப்படிப் பேசி வைத்துக்கொள்வது அரசியல் சட்டம் காக்கும் பேச்சுரிமைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் சொன்னது.

கேள்வி (ட்ராய், மிச்சிகன்): 2024-இல் நம் மாநிலத்து டியர்பர்ன் நகரில் அரபு மக்கள் செய்தது சரியா? காஸாவுக்காக ஹாரிஸைத் தண்டிக்கப் போய் டிரம்பைக் கொண்டுவந்தார்கள் என்று என் நண்பர்கள் இன்னும் திட்டுகிறார்கள்.

பதில்: முதலில் எண்கள். டிரம்ப் மிச்சிகனை ஜெயித்தது ஏறக்குறைய 80,000 ஓட்டில். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் மாநிலம் முழுக்க வாங்கியது 45,000-ஐத் தொடவில்லை. அத்தனையும் ஹாரிஸுக்குப் போயிருந்தாலும் போதாது. சரி, டிரம்புக்குப் போட்டவர்களையும் வீட்டிலேயே இருந்தவர்களையும் சேர்த்து மிச்சிகனையே ஹாரிஸுக்குக் கொடுத்துவிடுவோம். டிரம்பிடம் அப்போதும் 297 எலெக்டோரல் ஓட்டு இருக்கும், தேவை 270. ஆகவே ‘கொண்டுவந்தார்கள்’ என்பது கணக்கில் நிற்காது.

இனி, சரியா தப்பா என்பது. அந்த வருடம் பிப்ரவரியில் நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டில், இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘யாருக்கும் உறுதியில்லை’ என்று அச்சிட்டிருந்த வட்டத்தை நிரப்பினார்கள். அது மிக நல்ல அரசியல் என்பது என் கருத்து. நேரம் இருந்தது, கோரிக்கை தெளிவாக இருந்தது, எண்ணிக்கை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கட்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் டியர்பர்னில் டிரம்புக்குச் சுமார் 42, ஹாரிஸுக்கு 36, ஸ்டைனுக்கு 18 சதவீதம். ஸ்டைனுக்குப் போட்டவரின் வலி எனக்குப் புரிகிறது. டிரம்ப் சமாதானம் கொண்டுவருவார் என்று நம்பிப் போட்டவரோடு எனக்கு ஒத்துப்போகாது, அவருடைய முதல் ஆட்சி எப்படி இருந்தது என்று பார்த்திருந்தோமே. ஆனால் உறவினரைக் குண்டுவீச்சில் பறிகொடுத்தவரிடம் போய் ‘குறைந்த தீமை’ என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. ஓட்டைக் கேட்டு வாங்க வேண்டியது வேட்பாளரின் வேலை. அதை உங்கள் நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (அட்லாண்டா): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி (சிகாகோ): தோற்கும் என்று தெரிந்தே கொள்கைக்காகப் போட்டு, அதனால் எப்போதாவது நல்லது நடந்ததுண்டா?

பதில்: நல்லதும் நடந்தது, அதற்கு முன்னால் பெரிய கெட்டதும் நடந்தது. 1844 தேர்தலில் ஹென்றி கிளே, ஜேம்ஸ் போல்க் இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். போல்க் டெக்சஸை இணைத்தே தீருவேன் என்றார், அதாவது இன்னொரு அடிமை மாநிலம். கிளே அதில் மழுப்பினார். அடிமை முறையை அடியோடு எதிர்த்தவர்கள் லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பிர்னிக்குப் போட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்து, பிறகு விடுதலை செய்தவர்.

நியூ யார்க்கில் போல்க் ஜெயித்தது 5,106 ஓட்டில். பிர்னி அங்கே வாங்கியது 15,812. நியூ யார்க்கின் 36 எலெக்டோரல் ஓட்டு இல்லாவிட்டால் போல்க் அதிபர் இல்லை. டெக்சஸ் 1845-இல் சேர்ந்தது, அடுத்த வருடமே மெக்சிகோவோடு போர். நேடர் விவகாரத்தைவிட இது அப்பட்டமான உதாரணம். அடிமை முறையை எதிர்த்தவர்களின் ஓட்டே அதன் எல்லையை விரிக்க உதவியது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அதே ஆட்கள் 1848-இல் ஃப்ரீ சாயில் கட்சிக்குப் போனார்கள். 1854-இல் அதிலிருந்தும் உடைந்துபோன கிளேயின் விக் கட்சியிலிருந்தும் வந்தவர்கள் குடியரசுக் கட்சியைக் கட்டினார்கள். 1860-இல் லிங்கன் வந்தார். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை உள்நாட்டுப் போர் தின்ற பிறகு.

அவர்கள் செய்தது சரியா? என்னால் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அவர்கள் நான்கு வருடத்துக்கு ஒரு நாள் கோபப்பட்டவர்கள் இல்லை. பத்திரிகை நடத்தினார்கள், ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்தார்கள். மூன்றாவது கட்சிக்குப் போடுகிறேன் என்பவரிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: மீதி நாட்களில் என்ன செய்கிறீர்கள்?

கேள்வி (கோயம்புத்தூர்): மேடம், நம் நோட்டா மாதிரி அங்கே இல்லையா?

பதில்: நெவாடாவில் மட்டும் உண்டு தம்பி, 1970-களிலிருந்தே. ‘இவர்களில் யாரும் இல்லை’ என்று பெயர்களோடு அச்சிட்டிருக்கும். 2024 குடியரசுக் கட்சி பிரைமரியில் நிக்கி ஹேலி அதனிடமே தோற்றார். டிரம்ப் பெயர் அந்தச் சீட்டில் இல்லாததால் அவர் ஆட்கள் எல்லாம் அதில் குத்தித் தள்ளினார்கள். அது முதலில் வந்தாலும் அடுத்தவர்தான் ஜெயித்தவர், நம் ஊர் போலவேதான்.

கேள்வி (சியாட்டில்): என் மகனுக்கு 18 வயது. இரண்டு கட்சியும் ஒன்றுதான், ஓட்டே போட மாட்டேன் என்கிறான். எப்படிப் புரியவைப்பது?

பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள். கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸே 1956-இல் இரண்டு கட்சியும் ஒரே தீமைதான் என்று எழுதிவிட்டு ஓட்டுப் போட மறுத்தார். உங்கள் பையன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான்.

ஆனால் வாக்குச்சீட்டு நீளமானது என்று அவனுக்குச் சொல்லுங்கள். அதிபர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நீதிபதி, பள்ளிக் குழு, மாநில சட்டமன்றம் என்று மற்றதற்குப் போடலாம், சீட்டு செல்லும். நான் பார்க்கும் சாவடியில் ஒரே பதவிக்கு இரண்டு வட்டம் நிரப்பினால்தான் இயந்திரம் தகராறு செய்யும்.

இரண்டு வட்டம் என்றதும் வர்ஜீனியா ஞாபகம் வருகிறது. 2017-இல் அங்கே மாநில சட்டமன்றத்தின் 94-வது தொகுதி. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் ஒரு சீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு வட்டமும் நிரப்பியிருந்தது, சைமண்ட்ஸ் வட்டத்தின் மேல் ஒரு கோடு. அது குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சிக்குப் போட்டதுதான் என்று நீதிபதிகள் முடிவு செய்ய, இருவருக்கும் 11,608. அப்புறம் ஒரு பீங்கான் கிண்ணத்தில் இரண்டு ஃபிலிம் டப்பாவைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. அவையே அதனால் 51-49 என்று குடியரசுக் கட்சி கையிலேயே நின்றது. அதிபர் தேர்தலில் நம் ஓட்டுக்கு இந்த எடை வருவது அபூர்வம். கீழே இருக்கும் பதவிகளில் வருகிறது.

கேள்வி (ஆஸ்டின்): க்ரீன் கார்டு இருக்கிறது. லைசென்ஸ் ஆபீசில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லலாமா?

பதில்: கூடாது! குடியுரிமை இல்லாமல் அதிபர், காங்கிரஸ் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகும். அவர்கள் எல்லாரிடமும் கேட்பார்கள். தவறிப்போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (பாஸ்டன்): இந்தத் தலைவலிக்கு மருந்தே இல்லையா? 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் மேயினில் அது இருக்கிறது. அங்கே 2010-இல் பால் லபேஜ் 38 சதவீதம்கூட இல்லாமல் ஆளுநரானார், எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால். அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் வரிசை முறை வந்தது. பிடித்தவருக்கு 1 போடலாம். அவர் குறைந்த ஓட்டு வாங்கி வெளியேறினால் உங்கள் ஓட்டு 2-வது ஆளுக்குப் போகும். அலாஸ்காவிலும் இருக்கிறது, 2024-இல் ஒழிக்கப் பார்த்தார்கள், மயிரிழையில் தப்பியது. நல்ல முறைதான். ஆனால் மற்ற மாநிலங்களில் அது வரும்வரை நமக்கு இருக்கும் வழி பிரைமரி.

கேள்வி (அதே நபர்): பிரைமரியில் என்ன பெரிதாக மாறிவிடும்?

பதில்: 2018-இல் நியூ யார்க்கில், ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகளில் ஒருவரான ஜோ க்ரௌலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வீழ்த்தினார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது 17,000-க்கும் குறைவான ஓட்டு. இரண்டு கொள்ளியில் ஒன்றை எடுக்கும் நிலைமை நவம்பரில் வருகிறது. எந்த இரண்டு என்பதை அதற்குப் பல மாதம் முன்பே மிகச் சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சிலரில் நீங்கள் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே பிரைமரியில் போட முடியும், கடைசித் தேதியும் முன்கூட்டியே முடிந்துவிடும். 2016-இல் நியூ யார்க்கில் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே பிரைமரியில் போட முடியாமல் நின்றார்கள். உங்கள் மாநிலத்தின் தேதியை மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கட்சி மாறுவதற்கான தேதியும் முதல் முறை பதிவதற்கான தேதியும் வேறு வேறாக இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.