ஒரிஜினலும் காசும் புரோக்கர் கையில போகவே கூடாது

பாம்பன்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "பொண்ணு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை கவர்மென்ட் ஸ்கூல்தான். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சென்னைப் பக்கம் ஒரு பிரைவேட் மெடிக்கல் காலேஜ் கிடைச்சிருக்கு. ராம்நாட்டுல ஒருத்தரு ஹாஸ்டலுக்கு 60,000 குடுங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் குடுங்க, நானே சேர்த்துவிடுறேங்கிறாரு. குடுக்கலாமா?"

குடுக்காதீங்கண்ணே. கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கான இந்த ஒதுக்கீட்டுல சீட்டு வாங்குன புள்ளைக்கு படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கமே கட்டுது, பிரைவேட் காலேஜா இருந்தாலும் அப்படித்தான். கவுன்சிலிங்ல அலாட்மென்ட் ஆர்டர் வந்தாச்சுன்னா நடுவுல எந்த ஆளுக்கும் ஒரு வேலையும் கிடையாது, நீங்களும் புள்ளையும் ஆர்டரோட நேரா போய் நின்னா போதும்.

மண்டபம் பக்கம் ஒரு வீட்டுல டிசி, மார்க் ஷீட் எல்லாத்தையும் இப்படி ஒருத்தன்கிட்ட குடுத்துட்டு, சேர கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி வட்டிக்கு வாங்கி 40,000 எண்ணி வச்சுத்தான் அந்த பைலையே கண்ணுல பார்த்தாங்க. மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போக ஆரம்பிச்ச கொஞ்ச மாசத்துலயே கவுன்சிலிங் வந்துருது, கையில காசு நிக்காத நேரம்னு இவனுகளுக்கு நல்லாத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுங்க. நம்ம கரையில நிறைய புள்ளைங்க சர்ச் ஸ்கூல்ல படிக்குது. வாத்தியாருக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்தாலும் அது உதவிபெறும் பள்ளி, கவர்மென்ட் ஸ்கூல் கணக்குல வராது, 7.5 கிடைக்காது. வாங்கித் தரேன்னு எவன் சொன்னாலும் பொய்தான். ஆனா ஆர்டிஇ-ல, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல இலவசமா, எட்டாவது வரை பிரைவேட்ல படிச்சுட்டு ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரை கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைக்கு உண்டு. இது தெரியாம எத்தனையோ பேர் அப்ளிகேஷன்ல அந்தக் கட்டத்தையே தொடாம விட்டுடுறாங்க, ஸ்கூல்லயும் யாரும் எடுத்துச் சொல்றதில்ல, எனக்கு ஆத்திரமா வருது.

காலேஜ்ல ஒரிஜினல் வாங்கி வச்சுப்பாங்க, அது வழக்கம்தான். குடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் ரெண்டு பக்கமும் போன்ல போட்டோ எடுங்க, அஞ்சு செட் ஜெராக்ஸ் போடுங்க, என்னென்ன வாங்குனாங்கன்னு சீல் வச்ச ரசீது இல்லாம கவுன்டர விட்டு நகராதீங்க. "இப்ப நீங்க கட்டுங்க, கவர்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தரோம்"னு சில இடத்துல சொல்லுவாங்க. படகு முதலாளிகிட்ட முன்பணம் வாங்க ஓடாதீங்க, 7.5 ஒதுக்கீடுன்னு ஆர்டர்ல இருக்குற இடத்தைக் காட்டி, எதுக்கு எவ்வளவுன்னு எழுத்துல குடுக்கச் சொல்லுங்க.